பிரசிடண்டின் படம்

"ஏம்புள்ள, பார்வை போனப்புறம் ஸ்டுடியோவா? ஆளோட மூஞ்சி எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று சிவப்பிரகாஷ் அன்று கேட்டான்.

"பேச வெச்சுத் தெரிஞ்சுக்குவேனுங்க. குரல் இளகுனா மூஞ்சியும் இளகும். அப்ப பட்டன அமுக்கிருவேன்," என்றாள் அவன் மனைவி வனிதா. "மொதப் படம் சொதப்புச்சுன்னா கேமராவ வித்துப்போடலாம்."

அந்த முதல் படத்துக்குத்தான் இன்று பொங்கியண்ணன் வந்து உட்கார்ந்திருந்தார். ஊர்த் தென்னை விவசாயிகள் சங்கத்தின் புதுப் பிரசிடண்ட். சங்க ஆபீஸில் மாட்ட அவருக்குப் படம் வேண்டும்.

வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரிகிற வனிதா கேமராவை உயர்த்தினாள்.

"ஐயா, தோப்புல காய் எப்படிங்க?"

"பரவால்லீங்க," என்றது ஒரு பெண் குரல். அவர் மனைவி காளியாத்தாள். "வெளியாளுங்ககிட்ட இவரு பேச மாட்டாருங்க. என்ன கேட்டாலும் நாந்தான் சொல்லோணும்."

"அவரு பேசுனாத்தானுங்க எனக்கு எடம் புடிபடும்."

பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினார். அதோடு சரி.

வனிதா ஒரு வழி கண்டுபிடித்தாள். "அப்ப நீங்க அவருக்குப் பின்னால குனிஞ்சு, காதோரமாப் பேசுங்கம்மா. நான் குரலப் பாத்து எடுத்துக்கறேன்."

காளியாத்தாள் பேசினாள். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் வாயத் தொறக்கலீங்க. மாப்பிள்ளை ஊமைன்னே எங்கய்யன் முடிவு பண்ணிட்டாரு."

குரல் மெல்ல நகர்ந்தது. ஐயா நெளிகிறார் என்று நினைத்து, வனிதா கேமராவையும் நகர்த்தினாள். காளியாத்தாள் சிரிக்கச் சிரிக்க, அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

கஞ்சிக்கோட்டு ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்த சிவப்பிரகாஷ், பிரசிடண்டும் மனைவியும் காத்திருக்க, படங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்தான். கடைசிப் படம் வரை போய், மறுபடியும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளினான்.

"சொல்லுங்க," என்றாள் வனிதா.

"படமெல்லாம் அருமையா இருக்குது, புள்ள. ஆனா எதுலயும் பிரசிடண்ட் இல்ல. ஒண்ணுல மட்டும் காது தெரியுது. மத்ததெல்லாம் அந்தம்மாதான், கண்ணுல தண்ணி வரச் சிரிக்கறாங்க."

வனிதாவின் கை கேமராப் பையைத் தேடியது. "எடுத்து வெச்சிருங்க. இனி வேண்டாம்."

அப்போதுதான் பொங்கியண்ணன் முதன்முறையாக வாய் திறந்தார். "தப்பு என்மேலதானுங்க. கேமரா அந்தப் பக்கம் போறதப் பாத்தேன். சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு, பேசாம நேராப் பாத்துட்டு உக்காந்துட்டேன்."

காளியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, நாந்தான் வேணும்னே தள்ளித் தள்ளிப் போயி நின்னு பேசுனேன். எனக்குன்னு ஒரு போட்டோ வேணும்னு கல்யாணமான நாள்ல இருந்து கேக்க நெனச்சுட்டே இருக்கறேன். இதுல ஒண்ண நம்ம ஊட்டுல மாட்டிக் குடுங்க."