மீன் தொட்டிக்கு விழுந்த ஓட்டு

மீன் தொட்டி அவளை முந்திவிட்டது.

தொழிற்சாலையின் இணைய யோசனைப் பக்கத்தில் பேக்கிங் கிளார்க் திங்களன்று போட்டது ஒரே வரி: ‘பேக்கிங் பிரிவுக்குப் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும்.’ இருப்பதோ இரண்டு கட்டடம் தள்ளி. இடைவேளை பத்து நிமிடம். அறுபது பெண்கள் தண்ணீரே குடிக்காமல் பொழுதை ஓட்டினார்கள். வெள்ளி வரை தினமும் ஆளுக்கு ஒரு ஓட்டு. முதலில் வருவதை நிர்வாகம் செய்து தரும்.

முதல் நாள் நூற்றிருபது ஓட்டு.

“பச்சையாவா எழுதுவ? நாசூக்கா போடும்மா” என்றார் மறுநாள் டெஸ்பாட்ச்காரர்.

‘மகளிர் நல வசதி’ என்று மாற்றினாள். அன்று கிடைத்தது ஒன்று. அதுவும் அவளே மேசைக் கணினியில் போட்டது. ‘வரவேற்பறையில் மீன் தொட்டி’க்கு நூற்றெழுபது.

யாருக்கு இவ்வளவு மீன் பாசம்? கேன்டீனில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மீனுக்கு ஏங்கும் முகம் ஒன்றும் தென்படவில்லை.

“அக்கா, எனக்குத்தானே போட்டீங்க?”

“போட்டாச்சு, போட்டாச்சு” என்றாள் பக்கத்து மேசை அக்கா, டேப்பைக் கிழித்தபடி.

படம் இருந்தால் விழும் போலிருக்கிறது. புதனன்று கழிப்பறை முன் நிற்கும் வரிசையைப் படமெடுத்துச் சேர்த்தாள். ஒன்று. காரணம் சொன்னால் விழும். வியாழனன்று பன்னிரண்டு காரணங்கள் சேர்த்தாள். ஒன்று.

“படிச்ச திமிருல பக்கம் பக்கமா எழுதினா யாரு படிப்பா?” என்றார் டெஸ்பாட்ச்காரர்.

“நீங்கதான நாசூக்கா எழுதச் சொன்னீங்க?”

“ஒரு வரிய நாசூக்காப் போடத்தான சொன்னேன்.”

வெள்ளியன்று பன்னிரண்டை நான்காகச் சுருக்கினாள். மாலையில் மீன் தொட்டி ஜெயித்தது.

லேபிள்களைச் சரிபார்த்துவிட்டு வழக்கம்போல் கடைசி ஆளாகக் கிளம்பினாள். கேட்டில் வாட்ச்மேன் ஓட்டுப் போடும் டேப்லெட்டைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஜனங்க எதைப் பாத்துத்தான் ஓட்டுப் போடறாங்க?”

“யாரும்மா பாக்குறா? பஸ்ஸப் பிடிக்கணும்னு கார்ட நீட்டுவாங்க, மேல இருக்கறத நானே அமுக்கி அனுப்பிடுவேன். மொத நாள் அந்தக் கழிப்பறைதான் மேல இருந்துச்சு, திருத்தினா அடிக்குப் போயிடும்னு தெரியாம எவளோ தினமும் திருத்தித் திருத்தியே கெடுத்துட்டா.”