இடது பக்கப் பின் கண்ணாடி

தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் வீட்டுக்காரரும் இருக்கட்டும்.

உன் பேத்தி கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். ஏன் என்று உனக்கே தெரியும். அம்மாவின் தையல் மெஷினை டிக்கியில் ஏற்றிக்கொண்டு நீ கிளம்பிய அன்று, அதோடு சேர்ந்த பாபின் டப்பாவை விட்டுவிட்டாயே என்று நான் மூச்சு வாங்க ஓடி வந்தேன். நீ பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாய், காலர் உள்ளே மடிந்திருந்தது, அதைக்கூடச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், என் மூக்குக்கு நேரே கண்ணாடியை ஏற்றினாய், கார் போயே போய்விட்டது, டப்பா என் கையில். ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் போட்டு, "கண்ணாடி இறங்கலக்கா, பொத்தான் வேலை செய்யல" என்றாய். பொத்தானைத் தொட்டால் போதும் என்று உன் வீட்டுக்காரர் தெருவையே கூப்பிட்டுக் காட்டிய கார் அது. ஏறத் தெரிந்த கண்ணாடிக்கு இறங்கத் தெரியாதா என்று போனை வைத்தேன். வைத்தது வைத்ததுதான்.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், மகன் காரில் இடது பக்கப் பின் சீட்டு என்னுடையது. கண்ணாடி இறங்கியிருந்தால்தான் எனக்குப் பயணம், இல்லாவிட்டால் தெருமுனை தாண்டுவதற்குள் குமட்டும். சின்ன வயதில் பஸ்ஸில் உன் மடி பட்ட பாட்டை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தக் கண்ணாடி கொஞ்ச நாளாகவே, மாடிப்படி ஏறும்போது நான் முனகுகிற மாதிரி முனகிக்கொண்டு ஏறியது. பாதியில் நிற்கும். கைப்பிடிக்குக் கீழே ஒரு குத்து விட்டால் மிச்சம் ஏறும். நான் குத்துவதைப் பார்த்து மருமகள், தன் மேல் உள்ள கோபத்தைத்தான் கதவில் காட்டுகிறேன் என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறாள். பாதி சரிதான்.

போன வாரம் சம்பந்தியம்மா, மருமகளின் அம்மா, எங்களை வழியனுப்பக் காரருகே வந்து நின்றார். தூசிக்காக ஏற்றிய கண்ணாடியை அவர் பேச ஆரம்பித்ததும் இறக்கலாம் என்று அமுக்கினேன். அசையவில்லை. குத்தினேன். அதற்கும் அசையவில்லை. அவர் வாய் மட்டும் அசைகிறது, நான் உள்ளே இருந்து கதவைக் குத்துகிறேன், அவர் முகம் சுருங்கிப்போனது. கதவைத் திறந்து இறங்கி, "கண்ணாடி செத்துப்போச்சு சம்பந்தி, நான் உங்கள குத்தல" என்று சொன்ன பிறகுதான் சிரித்தார். வீடு வருகிற வரை எனக்குக் குமட்டல். அதோடு உன் நினைப்பும் வந்தது.

இது சரியாகாமல் நான் எங்கும் வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். மகன் தானே பார்ப்பதாக இறங்கினான். ரப்பர் காய்ந்துவிட்டது என்று ஸ்ப்ரே அடித்தான், கண்ணாடி பளபளவென்று அங்கேயே நின்றது. பியூஸ் என்றான். "மத்த கண்ணாடியெல்லாம் ஓடுதே, பியூஸ் போனா இது மட்டும் ஏன் படுக்கணும்?" என்று மருமகள் கேட்டாள், அவனும் அதற்குள் அதைத்தான் நினைத்ததாகச் சொன்னான். வலது கதவு சுவிட்சைக் கழற்றி இதில் மாட்டினான், அதுவும் இங்கே வந்து ஊமையாகிவிட்டது. கடைசியில் கதவின் உள் அட்டையைப் பெயர்த்து, கண்ணாடி விழாமல் டேப் ஒட்டி, மோட்டாருக்குப் போகிற ஒயரில் சின்ன பல்பு வைத்தான். சுவிட்சை அமுக்கினால் பல்பு எரிகிறது, மோட்டார் அசையவில்லை. நான் வழக்கம்போல் ஒரு குத்து விட்டேன். அரைச் சுற்று சுற்றிவிட்டுப் படுத்தது.

"அம்மா, நீ குத்தினதாலதான் இது இத்தன நாள் ஓடியிருக்கு" என்றான். மோட்டாருக்கு உள்ளே கரண்ட் கொடுக்கிற கார்பன் கட்டை தேய்ந்து போயிருக்கிறதாம். "ஏறினப்போ உயிர் இருந்துச்சு, இறங்கறதுக்குள்ள போயிடுச்சு. இப்படியும் ஆகும்."

அப்படியும் ஆகுமா என்று திரும்பக் கேட்டேன். ஆகும் என்றான். நான் உள்ளே போய் உன் பத்திரிகையைப் பிரித்தேன்.

புது மோட்டார் வந்தது, திருகு ஓட்டைகள் பொருந்தவில்லை. கடைக்காரர் போனில் எந்தப் பக்கம் என்று கேட்டபோது, இவன் காரின் மூஞ்சியைப் பார்த்து நின்றுகொண்டு வலது என்றிருக்கிறான். "கார்ல உட்கார்ந்து பார்க்கணுங்க" என்றாள் மருமகள். "கடைக்காரன் உட்கார்ந்துகிட்டா கேட்டான்?" என்றான் இவன். மாற்றி வாங்கி, ஒயரைச் செருகி, டேப்பை உரித்து அமுக்கினோம். முனகலே இல்லாமல் இறங்கியது, ஏறியது. நான் குத்துவதற்கு வேலையே இல்லை, அது கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

ஆகையால் தங்கச்சி, அன்று நீ சொன்னதை இன்று நம்புகிறேன். கண்ணாடி இறங்கியிருக்காது. மனதில் ஒன்றுமில்லை. கல்யாணத்துக்கு முதல் நாளே வருகிறேன், பாபின் டப்பாவும் வருகிறது. மணமக்கள் நீடூழி வாழட்டும், உன் வீடு நிறைந்திருக்கட்டும், உன் வீட்டுக்காரர் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ஒரு தடவை படித்தேன். சம்பந்தியிடம் பேச நான் கதவைத் திறந்து இறங்கினேன் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். உன் காரிலும் கதவு இருந்ததே. மோட்டார் செத்திருக்கலாம், கைப்பிடியுமா செத்தது? ஆகவே மேலே நம்புகிறேன் என்று எழுதியதை அடித்ததாக வைத்துக்கொள். கல்யாணத்துக்கு வருவேன். வாசலில் வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குமட்டினாலும் பரவாயில்லை என்று, உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். நீதான் வந்து கதவைத் திறக்க வேண்டும்.