அரக்க ராஜா மலைக்குப் பேர் வெச்ச கதை

இன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். என் நாவல்ல வர்ற மலைங்களுக்கும் ஒரு ஆத்துக்கும் பேர் வைக்கணும்.

மந்திர உலகம், பறக்குற குதிரை, அரக்க ராஜா, மந்திர வாளோட அவனை எதிர்க்கிற ஹீரோன்னு வருஷக்கணக்கா எழுதின கதை. புஸ்தகத்தோட முதல் பக்கத்துல போட ஒரு மேப்பும் நானே வரைஞ்சேன். கதையை விட அந்த மேப் மேலதான் எனக்குப் பாசம் ஜாஸ்தி. என்ன, அதுல ஒரு எடத்துக்கும் பேர் கிடையாது. "குதிரை மேயற எடம்", "பேய் இருக்கற எடம்"னு பென்சில்ல கிறுக்கி வெச்சிருந்தேன்.

சாயங்காலத்துக்குள்ள பேரோட வரலன்னா மேப் இல்லாமலே அச்சுக்குப் போயிடும்னு பதிப்பகத்துல சொல்லிட்டாங்க.

காலையில மூளையைக் கசக்கி, அரக்கன் கோட்டை இருக்கற மலைக்கு "வெள்ளிமலை"ன்னு வெச்சேன். எனக்கே புல்லரிச்சுது. வீட்டுக்காரி செல்வி எட்டிப் பாத்தா.

"அங்கதான் பஸ்ஸே போவுதே. எங்க சித்தி வூடு அங்கதான் இருக்குது."

சரி, ஆத்துக்கு "கோமுகி"?

"கோமுகி டேம் பக்கம் போனா மீன் வாங்கினு வாங்க."

கல்வராயன் மலையடிவாரத்துல பொறந்தவன் மந்திரக் கதை எழுதவே கூடாது. நல்ல பேரையெல்லாம் ஏற்கெனவே பஸ் போர்டுல எழுதிட்டாங்க.

போற வழியில தோணும்னு மேப்பைத் தூக்கிக்கிட்டு கள்ளக்குறிச்சில மேரி அக்காவோட டைப்பிங் கடைக்குப் போனேன். நாள் பூரா பட்டா மனுவா அடிச்சுத் தள்ற கடை. அக்கா மேப்பை ஸ்கேன் பண்ணிட்டு, பதிப்பகத்து மெயில் ஐடியையும் எழுதி வாங்கிக்கிட்டு, "பேரைச் சொல்லுங்க சார், அடிக்கிறேன்"னாங்க.

நான் மேல பாத்தேன். ஃபேன்தான் சுத்துச்சு.

மனு அடிக்க வந்திருந்த கச்சிராயபாளையம் கரும்பு விவசாயி ஒருத்தர் கம்ப்யூட்டருக்குள்ளயே தலையை விட்டார்.

"இன்னா சார், பைபாஸ் ரோடா?"

"இல்லீங்க, கற்பனை."

"போன தபா அளக்க வந்தவங்களும் இப்டிதான் சொல்லிக்கினு இருந்தாங்க."

"நெஜமாவே கற்பனைங்க. இது அரக்க ராஜாவோட நாடு."

"அவரு எந்த ஊரு ஆளு?"

நான் ஸ்க்ரீனை மறைச்சு நின்னேன். அவர் விடல.

"ஆறு இன்னா சார் இப்டி வளைஞ்சிக்கினு போவுது? கடைமடைக்கு எப்டி தண்ணி வரும்? கொஞ்சம் நேரா வுடுங்க."

ரசிச்சு ரசிச்சு நான் போட்ட வளைவு அது.

"மலைக்குப் பேரே காணமே. யாரு பேர்ல இருக்குது?"

"யார் பேர்லயும் இல்லீங்க."

"அப்ப பொறம்போக்குன்னு சொல்லுங்க."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "ஆமாங்க, மொத்தமும் புறம்போக்குதான். அக்கா, அப்படியே போட்டுடுங்க"ன்னு நக்கலா சொல்லிட்டு, டீ குடிச்சா பேர் வரும்னு வெளிய போனேன்.

டீ வந்துச்சு. இன்னொரு டீயும் வந்துச்சு. பேர் வரல.

திரும்பி வந்தா அக்கா அடுத்த மனுவுல இருந்தாங்க.

"போட்டு, நீங்க குடுத்த மெயிலுக்கு அனுப்பியும் வுட்டேன் சார்."

"எதை?"

"நீங்க சொன்னதுதான். வெறும் பொறம்போக்குன்னு போட்டா தாலுகா ஆபீஸ்ல திருப்பி வுட்ருவாங்க. அதான் உங்க பென்சில் எழுத்தைப் பாத்து வகை பிரிச்சிட்டேன்."

நல்லாவே பிரிச்சிருந்தாங்க. பறக்குற குதிரை மேயற எடம், மேய்க்கால் புறம்போக்கு. பேய் இருக்கற பள்ளத்தாக்கு, மயானப் புறம்போக்கு. ஆறு, நீர்நிலைப் புறம்போக்கு. அரக்கன் கோட்டை நிக்கிற எடம், மலைப் புறம்போக்கு.

ஒடனே பதிப்பகத்துக்குப் போன் போட்டேன்.

"மேப் அச்சுக்குப் போயிடுச்சு சார். பேரெல்லாம் பிரமாதம். இது காமெடி நாவல்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

நான் ராத்திரியெல்லாம் அழுது அழுது எழுதின காவியம் அது.

மேரி அக்காவுக்கு என் மூஞ்சியைப் பாத்துப் பாவமாப் போச்சு. "வுடுங்க சார். உங்க ராஜாவுக்குப் பட்டா கேட்டு ஒரு மனு போட்டுடலாம்."

கரும்புக்காரர் தலையாட்டினார். "குடுக்க மாட்டாங்கம்மா. ஆயிரம் வருசம் இருந்தாலும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதான்."

ஆக, என் ஹீரோவுக்கு இனிமே மந்திர வாளெல்லாம் தேவையில்ல, ஒரு ஜேசிபி போதும்.