மயில்கழுத்து மை

"இது கரும்பச்சை சார். நமக்கு வேண்டியது மயில்கழுத்து."

"ரெண்டும் பச்சைதானே அக்கா?"

டெஸ்பாட்ச் அக்கா மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். மேனேஜருக்கு அக்காவைவிட ஐந்து வயது அதிகம். ஆனாலும் அந்த ஆபீஸில் வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். தபால் மேஜையில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது.

மேஜைமேல் மூன்று புதுப் புட்டிகள்: நீலம், கரும்பச்சை, கறுப்பு. பக்கத்தில் பழைய மயில்கழுத்து மைப்புட்டி, கவிழ்த்துத் தட்டினாலும் சொட்டு விழாத நிலையில். அந்த மை வருவதே நின்றுபோய் ஆறு மாதமாயிற்று என்று கடைக்காரர் இன்று காலைதான் சாவகாசமாகச் சொன்னார். அக்கா அந்த அதிர்ச்சியிலிருந்து மீண்டு ஆபீஸுக்குள் நுழைந்தால், அடுத்தது காத்திருந்தது. சேர்மன் பன்னிரண்டு மணிக்கு நேரில் வருகிறாராம்.

"தபால்ல போக வேண்டிய கார்டை கையிலயே குடுத்துடலாம்கா. ஏரியா மேனேஜர் போஸ்டுக்கு ஆள் எடுக்கிற நேரம். சரியா அமைஞ்சிருக்கு," என்றார் மேனேஜர்.

அமைந்ததுதான். கார்டுதான் அமையவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு கிளை மேனேஜரும் சேர்மனுக்குத் தன் கைப்பட கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுத வேண்டும். நம் மேனேஜருடைய எழுத்தோ, மறுநாள் அவரே அக்காவிடம் கொண்டுவந்து, "இது என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்கும் ரகம். ஆகவே மேனேஜரின் கைப்பட அக்கா எழுதினார். கையெழுத்தையும் அக்காவே போட்டார். வாழ்த்து மட்டும் மொட்டையாக இருக்கிறதே என்று, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியும் சேர்த்தார்.

அதற்கு சேர்மனிடமிருந்து பதில் வந்தது, கத்தரிப்பூ நிற மையில். "என் உடம்பைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. முட்டிதான் படுத்துகிறது."

அன்றிலிருந்து வருஷா வருஷம் ஒரு கார்டு போகும், ஒரு பதில் வரும். மேனேஜர் உறையைப் பார்த்து, "சேர்மனா? ஃபைல்ல வைங்க" என்பார். அக்கா தன் இழுப்பறையில் வைப்பார். போன வருஷம் அக்கா முட்டிக்கு உப்பு ஒத்தடம் எழுதி அனுப்பினார். பதிலின் கடைசி வரி இது: "உங்கள் மயில்கழுத்து மையைப் பார்த்ததுமே உறையைப் பிரிக்காமலே ஆளைத் தெரிந்துவிடுகிறது. எதை மாற்றினாலும் மையை மாற்றிவிடாதீர்கள்."

வேறு மையில் எழுதினால் சேர்மனுக்குச் சந்தேகம் வரும். தோண்டினால் எழுதியது யார் என்று வெளியே வரும். மேனேஜருக்குப் பதவி உயர்வு போகும், அக்காவுக்கு வேலையே போகும். அதைவிட, சொல்ல வெட்கமாக இருந்தாலும், அக்காவுக்கு அந்தப் பதில் போய்விடுமே என்பதுதான் பெரிய கவலை. வீட்டிலும் ஆபீஸிலும் அவரிடம் முழுசாக நாலு வரி பேசும் ஆள் அந்தக் கத்தரிப்பூ மைக்காரர் ஒருவர்தான்.

"மூணையும் கலந்துட்டா என்ன?" என்றார் மேனேஜர்.

"கறுப்பு மட்டும் வேற கம்பெனி மை சார். திரிஞ்சுபோகும்."

"திரியறதுக்கு இது என்ன பாலா?"

டீ கிளாஸ் ஒன்றைக் கழுவி, மேனேஜரே கலந்தார். நீலம் கொஞ்சம், பச்சை கொஞ்சம், கறுப்பு கை தவறி நிறைய. பேனாவில் ஏற்றி அக்கா "அன்பு" என்று எழுதுவதற்குள் மை நின்றது. கிளாஸைப் பார்த்தால் அடியில் கட்டி கட்டியாக மிதந்தது.

"திரிஞ்சிடுச்சு சார்."

"வெந்நீர்ல பேனாவைக் கழுவுங்க! இல்ல, குடுங்க, நான் உதர்றேன்!"

அக்கா வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். மேனேஜர் அதற்குள் உதறிவிட்டார். அடைத்துக்கொண்டிருந்த கட்டி விடுபட்டு, மை முதல் கார்டில் பாதியும் மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் பாதியுமாகப் போய்ச் சேர்ந்தது.

மணி பதினொன்றரை. மீதி இரண்டு கார்டு.

இந்தத் தடவை அக்கா மேனேஜரை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, வேறொரு கிளாஸில் பச்சையைக் கொஞ்சம் ஊற்றி, அதில் நீலத்தை மட்டும் சொட்டுச் சொட்டாகக் கலந்தார். ஏழாவது சொட்டில் வந்தது பாருங்கள், அசல் மயில்கழுத்து! அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மடமடவென்று எழுதினார். "முட்டி எப்படி இருக்கிறது? உப்பு ஒத்தடம் கேட்டதா?" என்று முடித்துக் கையெழுத்தும் போட்டார். ஒரு பிசிறில்லை.

ஆனால் மை காயவில்லை. இந்த வருஷம் கார்டைச் செலக்ட் செய்து வாங்கியது மேனேஜர். கண்ணாடி மாதிரி பளபளவென்ற கார்டு. மை அதன்மேல் நீர்த்துளியாக உருண்டு நின்றது.

"ஃபேனைப் போட்டா பத்து செகண்ட்ல காஞ்சிடும்," என்று மேனேஜர் சுவிட்சைத் தட்டினார்.

"சார், வேணாம்..."

கார்டு எழும்பியது. ஒரு சுற்றுச் சுற்றி, மேனேஜரின் மார்பில் முகம் குப்புற வந்து அப்பிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது கார்டு வெள்ளையாக இருந்தது. வாழ்த்து முழுவதும் தலைகீழாக இடம் வலம் மாறி மேனேஜரின் சட்டையில் இருந்தது, முட்டி உட்பட.

"ஐயோ," என்றார் மேனேஜர். நாக்கு வறண்டு, பக்கத்தில் இருந்த டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார்.

அது டீ இல்லை.

"சார்! துப்புங்க சார்! துப்புங்க!"

ஜன்னல் வழியாகத் துப்பினார். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி, நாக்கை நீட்டி, "போச்சாக்கா?" என்று கேட்டார்.

போகவில்லை. அச்சு அசல் மயில்கழுத்து நிறம். காலையிலிருந்து தேடிய நிறம் கடைசியில் நிலையாக ஒட்டிய இடம் அதுதான். கிளாஸ் காலி. கீழே கார் ஹாரன் கேட்டது.

அக்காவுக்கு அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி இது. மெக்கானிக்குகள் எல்லாரும் ஊரார் லிஃப்டைப் பார்க்கப் போயிருந்ததால், சொந்த லிஃப்ட் இரண்டு வாரமாகத் தரைத்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாடி! முட்டி வலிக்காரர் எப்படி ஏறுவார்?

தாங்கிப் பிடிக்கலாம் என்று அக்கா படிக்கட்டுக்கு ஓடினார். எதிரே சேர்மன் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்துகொண்டிருந்தார். அக்கா சுவரோடு ஒட்டி வழிவிட்டார். உப்பு ஒத்தடத்துக்கு இவ்வளவு சக்தியா?

சேர்மனுக்குப் பின்னால், வெகுநேரம் கழித்து, அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு டிரைவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"லிஃப்ட் கம்பெனில லிஃப்ட் ஓடல. நல்லா இருக்குய்யா," என்றார் சேர்மன். பிறகுதான் மேனேஜரைப் பார்த்தார். "என்ன இது? சட்டையில என்ன எழுதியிருக்கு? வாயை ஏன் பொத்திக்கிட்டிருக்கீங்க?"

"கார்டு சார்," என்று மேனேஜர் கையை எடுத்தார்.

நாக்கைப் பார்த்த சேர்மன் இரண்டடி பின்வாங்கினார்.

"கிறிஸ்துமஸ் கார்டு சார். உங்களுக்கு. என் கைப்பட எழுதிட்டிருந்தேன்."

"இவ்வளவு பாடுபட்டா? சரி, எழுதி முடிங்க. பார்க்கலாம்." சேர்மன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் கறுப்பு மையைத் தொட்டு, கடைசிக் கார்டில், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஊருக்குக் கிளம்பின. வாழ்த்துகள் என்ற சொல் விளிம்பில் இடமில்லாமல் "வாழ்" என்பதோடு நின்றது.

சேர்மன் கார்டை வாங்கினார். ஒரு வினாடி பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"பிரமாதம்! கையெழுத்துன்னா இப்படி இருக்கணும்."

அக்கா கண்ணைத் திறந்தார். தப்பித்தோம் என்றுதான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் தோன்றவில்லை. ஏழு வருஷம்! கறுப்புக்கும் மயில்கழுத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லையா? முத்து முத்தான எழுத்துக்கும் இந்தக் கிறுக்கலுக்குமா தெரியவில்லை? ஆளைத் தெரிந்துவிடுகிறது என்று எழுதியதெல்லாம் சும்மா ஒப்புக்குத்தானா? மாட்டிக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சேர்மன் கார்டை டிரைவரிடம் நீட்டினார். "வழக்கம்போல கவனிச்சுக்க. வாங்க மேனேஜர், அந்த லிஃப்டைப் பார்ப்போம்."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். அக்கா காலிப் புட்டியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, தபால் மேஜையில் போய் உட்கார்ந்தார்.

டிரைவர் போகவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூடையிலிருந்த புட்டியைப் பார்த்தார். அக்காவின் விரல்களில் காய்ந்திருந்த மயில்கழுத்து நிறத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேஜையருகே வந்தார். அவர் சட்டைப் பையில் ஒரு பேனா இருந்தது. அதன் அடியில், துணியில், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கறை.

"மேடம், இந்த வருஷக் கார்டு உங்க கை இல்லையே," என்றார் அவர் தணிந்த குரலில். "நீங்க சொன்ன மாதிரியே உப்பு ஒத்தடம் குடுத்தேன், முட்டி இப்ப எவ்வளவோ தேவலைன்னு பதில் எழுதலாம்னு இருந்தேன்."