கடைசி இலை மாப்பிள்ளை

வேதத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. (வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.) அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சொந்த ஊர் போளூர். ஆரணியில் ஓர் அரிசி ஆலையில் சூப்பர்வைசர் வேலை. ஞாயிறு மாலைகளில் சபையின் வாலிபர் கூட்டத்துக்குத் தலைவர். வசனத்தை வாசித்தால் போதாது, வாழ்ந்து காட்ட வேண்டும் என்று ஏழெட்டுப் பையன்களை உட்காரவைத்து முழங்குவேன். பாவம், அவர்கள் கிரிக்கெட் ஆடப் போகவேண்டியவர்கள்.

என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின ஞாயிறு நான் எடுத்துக்கொண்ட பகுதி லூக்கா பதினாலு. விருந்துக்குப் போனால் முதல் இடத்தில் உட்காராதே, உன்னைவிடப் பெரியவர் வந்தால் எழுப்பிவிடுவார்கள். கடைசி இடத்தில் உட்கார், அழைத்தவரே வந்து ‘சிநேகிதனே, மேலே வா’ என்பார் என்று இயேசு சொல்கிற இடம். நாற்பது நிமிடம் பேசினேன். பேசி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. அடுத்த விருந்து என் விருந்துதான், அதிலேயே செய்து காட்டிவிடுவது என்று முடிவுகட்டினேன்.

பெண் எஸ்தர், ஆரணிதான். அவள் அப்பா சாமுவேல் மாமா முப்பது வருடம் வேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிச்சயத்தன்று மோதிரம் மாற்றி ஜெபிக்க வேண்டிய பாஸ்டருக்கு வரும் வழியில் கண்ணமங்கலத்தில் வண்டி பஞ்சர். பசியோடு காத்திருக்க வேண்டாம், முதலில் சாப்பாடு, பிறகு மோதிரம் என்றார்கள். அதாவது, நான் பந்திக்குப் போனபோது இன்னும் எதுவும் நிச்சயமாகவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் வரிசையின் தலைப்பில் எனக்காகப் பெரிய இலை, வெள்ளி டம்ளர், பட்டுத்துண்டு போர்த்திய நாற்காலி. அதைக் கடந்து நேராக நடந்து, கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த கடைசி இலையில் உட்கார்ந்தேன். முகத்தில் ஒரு தாழ்மையான புன்னகை. என் பிரசங்கத்தைக் கேட்ட வாலிபர்கள் சும்மா இருப்பார்களா? “அண்ணே, கொஞ்சம் நவுருங்க, நாங்களும் கடைசியிலதான்” என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை போன இடமே மரியாதையான இடம் என்று என் பெரியப்பா, சித்தப்பாமார்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். முதல் வரிசையில் ஈ மட்டும் உட்கார்ந்திருந்தது.

சாமுவேல் மாமா வேகமாக வந்தார். “தம்பி, இன்னா இங்க உக்காந்துகினீங்க? முன்னாடி வாங்க.”

வசனப்படி நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் நம் ஊரில் கூப்பிட்ட உடனே எழுந்தால் சாப்பாட்டுக்கு அலைகிறான் என்பார்களே! மூன்று தரமாவது கூப்பிட்டால்தானே கௌரவம்? “இருக்கட்டுங்க மாமா, எனக்கு இங்கயே போதும்” என்றேன்.

அவர் போய்விட்டார்! கண்டக்டர் ஒரு தரம்தான் கூப்பிடுவார். ஏறாவிட்டால் விசில்தான்.

இரண்டாவது அழைப்புக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தேன். அதற்குள் மண்டபத்தில் ‘மாப்பிள்ளை முறுக்கு’ என்ற பேச்சு பரவிவிட்டது. பெரியப்பா எழுந்துபோய், “பையன் மனசு நோவற மாதிரி இன்னா பண்ணீங்க?” என்று கேட்க, பெண்ணின் சித்தப்பா, “நாங்க இன்னா பண்ணோம்? சும்மா பேஜார் பண்ணாதீங்க” என்று எகிற, இரண்டு பக்கமும் குரல் உயர்ந்தது. மாமா என்னிடம் திரும்பி வந்து குனிந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

“தம்பி, வண்டி கிண்டி எதுனா எதிர்பார்க்கறீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஐயோ, எனக்கு எதுவும் வேணாங்க மாமா!”

அவர் நிமிர்ந்தார். “எதுவும் வேணாம்ங்கறாரே” என்று தன் தம்பியிடம் சொன்னார். “அப்போ பொண்ணும் வேணாமா?” துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல வாய் திறந்தால், அதற்குள் பெரியப்பா, “கெளம்புங்கடா, போலாம்” என்கிறார். என் வாலிபர்கள் மட்டும் அப்பளத்தை விடவில்லை.

அப்போதுதான் எஸ்தர் வந்தாள். நிச்சயப் பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரையும் கேட்காமல், நேராக என் இலைக்கு எதிரில் வந்து நின்றாள்.

“என்னைப் புடிக்கலியா?”

“புடிச்சிருக்கு. ரொம்ப.”

“பின்ன ஏன் இங்க?”

“லூக்கா பதினாலு” என்றேன். “மாமா மூணு தரமாவது கூப்புடுவாருன்னு...”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பின்பு மண்டபமே கேட்கத் திரும்பி, “அப்பா! ஒண்ணும் இல்லபா. பைபிள் படிச்சிட்டு வந்து உக்காந்துகினு இருக்காரு. நீ இன்னும் ரெண்டு வாட்டி கூப்டணுமாம்!” என்றாள்.

மண்டபம் இடிகிற சிரிப்பு. மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முப்பது வருடக் குரலை எடுத்தார்: “முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க! எடம் எல்லாம் காலியா கெடக்குது, ஜல்தி வாங்க!” கடைசி வரிசை மொத்தமும் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எல்லாருக்கும் முன்னால் நானே.

பன்னிரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் நான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டால், “அப்பா லூக்கா பதினாலுல இருக்காரு” என்கிறாள் என் பெண். எந்த விசேஷத்திலும் மாமா என் கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். எனக்கும் பழகிவிட்டது. போன மாதம் மச்சானின் கல்யாணத்தில் அவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே போய் முதல் இலையில் உட்கார்ந்தேன்.

மாமா குனிந்தார். “மாப்ள, அது பாஸ்டரய்யாவுக்குப் போட்ட எலை. கொஞ்சம் பின்னாடி போங்க.”

பன்னிரண்டு வருடம் கழித்து உவமையின் மற்றப் பாதியும் நிறைவேறியது. நடந்தேன். எல்லா வரிசையும் நிரம்பியிருந்தது. கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், கடைசி இலையில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருந்தாள்.

“வாங்க” என்று பையை எடுத்தாள். “எப்படியும் இங்கதான் வருவீங்கன்னு தெரியும்.”