சம்பந்தி வீட்டாரை விரட்டிய டிராக்டர்

ஒரு வண்டியின் வரலாறு தெரிந்தால் அதை ஓட்டவும் தெரியும் என்று யாராவது நினைத்தால், பாயா ரும்புட்டில் என் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். புத்தி சொல்லி அனுப்புகிறேன்.

என் கணவர் ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். அந்தத் தோட்டம் தன் பழைய டிராக்டரைக் கழித்துவிட்டபோது, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் அதை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். (அது கார் நிற்க வேண்டிய இடம். கார் ரோட்டில் வெயில் காய்ந்தது.) அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் அதன் சரித்திரம்தான். சீமையில் செய்து கப்பலேறி வந்ததாம். மூன்று சிலிண்டராம். பெரிதுமில்லை, சிறிதுமில்லை என்பதால் தோட்டத்துக்குத் தோட்டம் இதைத்தான் வாங்கினார்களாம். ரப்பர் இருந்தவரை பால் தொட்டி இழுத்ததாம், செம்பனை வந்ததும் பழக்குலை இழுத்ததாம். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

மகள் கவிதாவின் நிச்சயதார்த்தத்துக்குக் கூடாரம் போட இடம் வேண்டுமென்று அதைக் கேட் வரை நகர்த்திய மனிதர், அங்கேயே வழியை அடைத்து விட்டுவிட்டு மாலை வாங்க ஜாசினுக்குப் போய்விட்டார். (பாயா ரும்புட்டில் பூவே பூக்காதாம்!) போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பத்து பெரண்டாம் ஊரையே தாண்டிட்டாங்களாம்!"

"ஜாம்லா! வந்துக்கிட்டே இருக்கேன். நீ அதைத் தொடாதே."

தொடாதே என்றதும் எனக்கு வீம்பு ஏறிவிட்டது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிராக்டரில் ஏறி உட்கார்ந்தேன்.

"அம்மா, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்றாள் கவிதா.

"இது பொறந்த கதையே எனக்குத் தெரியும். தள்ளி நில்லு."

கிளப்பினேன். கிளம்பியது. நிறுத்துகிற அத்தியாயத்தை மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கூடாரம் கட்டியவர்கள் ஒரு மூலைக் கயிற்றை டிராக்டரின் கொக்கியில்தான் கட்டியிருந்தார்கள் என்பதையும் யாரும் சொல்லவில்லை. ஆமை வேகத்தில் நான் ரோட்டுக்கு வர, மொத்தக் கூடாரமும் சரிந்து என் பின்னாலேயே வந்தது. எதிரே மாப்பிள்ளை வீட்டுக் கார்கள். நான் முன்னால் போகப் போக, அவர்கள் வரிசையாக ரிவர்ஸில் போனார்கள்.

"பிரேக்கை மிதிங்கக்கா!" என்று சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். எதை மிதித்தாலும் உறுமல்தான் பதில். கடைசியில் முன்சக்கரம் லொங்காங்கில் இறங்கி, என்ஜின் தானாகவே அணைந்தது. சாக்கடைக்கு நான் நன்றி சொன்னது அன்று ஒருநாள்தான்.

கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா காரை விட்டிறங்கி விறுவிறுவென்று வந்தார். மாலைகளோடு என் கணவரும் வந்து சேர்ந்தார். சம்பந்தி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இது மூணு சிலிண்டர்தானே? எங்க தோட்டத்திலயும் இருந்துச்சுலா!"

அவ்வளவுதான். சீமை, கப்பல், பால் தொட்டி என்று இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். "நல்ல நேரம் போகுதுங்க!" என்று பூசாரி வீட்டுக்குள்ளிருந்து கத்துகிறார். நான் பட்டுப்புடவையோடு மேலே உட்கார்ந்திருக்கிறேன். இறக்கிவிட ஒரு ஆள் இல்லை!

ஒருவழியாகத் தட்டு மாற்றினோம். விருந்தாளிகள் வெயிலில் நின்று சாப்பிட்டார்கள்.

கவிதாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சம்பந்தி வீட்டுக்கு நான் வாடகைக் காரில், பின்சீட்டில் உட்கார்ந்துதான் போகிறேன். இருந்தும், நான் இறங்குவதற்குள் சம்பந்தி வாசலில் நின்று உள்ளே குரல் கொடுப்பார்:

"சம்பந்தியம்மா வந்துட்டாங்க! எல்லாரும் காரை ஓரமா எடுங்கலா!"