எல்க் அண்ணாச்சியும் அஞ்சலையின் காளையும்

எல்க் மானை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல், துப்பாக்கியைக் கையால் தொடாமல், கறியை வாயில் வைக்காமல், எல்க் வேட்டையில் கரைகண்ட ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் பிளாக்கில்தான் குடியிருந்தார். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது நிரூபித்தால் நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன். பத்திரிகை ஆசிரியரும் சந்தோஷப்படுவார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி நெய்வேலி டவுன்ஷிப் முழுக்க அவர் எல்க் அண்ணாச்சி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத இயந்திரத்துக்கு ஆபரேட்டர். அந்த இயந்திரம் நினைத்தால் ஒரு தெருவையே வாயில் போட்டு மென்றுவிடும். அதை ஓட்டுகிறவர், வீட்டில் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் பழைய பேப்பரில் ஏந்திக்கொண்டு போய் வாசலில் விட்டு, "பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு வருவார். அவர் கீழ் வீடு, நான் மேல் வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன் என்பதால், இதையெல்லாம் மாடியிலிருந்து கவனிக்க எனக்கு நேரம் இருந்தது.

எல்க் என்பது நம் ஊர்க் கடமானுக்குப் பெரியப்பா முறை. கொம்பு ஒரு முருங்கை மரம் அளவு. அமெரிக்காவில் சிலர் அரசாங்கக் காட்டுக்குள், வழிகாட்டி யாரையும் வைத்துக்கொள்ளாமல், தானே நடந்து தானே தேடி, நன்றாக வயது முற்றிய ஆண் எல்க்கை வேட்டையாடுகிறார்கள். அதைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறார்கள். அண்ணாச்சி ஷிப்ட் முடிந்து வந்ததும் குளித்து, திருநீறு பூசி, சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைப் பார்ப்பார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "நீங்க சைவமாச்சே அண்ணாச்சி. சுடுறதை எப்படிப் பாக்குறீங்க?"

"சுடுத இடம் வரதுக்கு முன்னால நிறுத்திருவேன் வாத்தியாரே."

"அப்ப அந்த மான் என்ன ஆச்சுன்னே தெரியாதே?"

"ஏன் தெரியாது? அங்ஙனயேதான் நிக்கும்."

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். கணக்குப்படி பார்த்தாலும் அவர் சொன்னது சரியாகத்தான் வந்தது.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த வேட்டை, நிஜமாகவே வாசலுக்கு வந்தது அஞ்சலையின் காளையால். அஞ்சலை எங்கள் பிளாக்கில் தெரு கூட்டுகிறவள். கான்ட்ராக்ட். அவள் புருஷனும் கான்ட்ராக்ட்தான். என்றைக்காவது வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்து காத்திருந்து, கடைசியில் வீட்டில் பிறந்த கன்றுக்குட்டிக்குப் பர்மனென்ட் என்று பெயர் வைத்தான். "நம்ம வூட்டுல ஒருத்தராவது பர்மனென்ட்டா இருக்கட்டும்னு சொல்லிக்கினே வச்சாருங்க" என்பாள் அஞ்சலை. பெயர் வைத்த வருஷமே அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். எங்கள் பிளாக் வீடுகளில் வாங்கிய கழுநீரை ஊற்றி அவள் வளர்த்த கன்று, கொம்பும் திமிலுமாக ஒரு மினி லாரி அளவுக்கு வளர்ந்தது.

வளர்ந்ததும் அதற்குக் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை பிடித்துவிட்டது. மொட்டை மாடிக்கு ஏறி வடாம் தின்றது. பள்ளிக்கூட பஸ்ஸை மறித்துப் படுத்துக்கொண்டு, டிரைவர் ஹாரன் அடித்தபோது அசை போட்டது. நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்களில் முதுகு சொறிந்து அத்தனையையும் சாய்த்தது. புகார் மேல் புகார் போயிற்று. வருகிற வாரம் திங்கட்கிழமை வண்டி வரும், தெருவில் திரிகிற மாடுகளை ஏற்றிக்கொண்டு போய் ஏலம் விடுவார்கள், சொந்தக்காரர்கள் அதற்குள் பிடித்துக் கட்டிக்கொள்ளவும் என்று மைக் கட்டிய ஆட்டோ சொல்லிவிட்டுப் போனது.

ஏலத்தில் எடுக்கிறவர்கள் அந்தக் காளையை உழவுக்குக் கொண்டுபோக மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அஞ்சலைக்கும் தெரியும்.

பிடித்துக் கட்டினால் முடிந்தது விஷயம். ஆனால் பர்மனென்ட்டுக்குக் கயிறு என்றால் ஆகாது. அஞ்சலை மூக்கணாங்கயிறு மாற்றியபோது மூக்கு புண்ணாகிவிட்டது. அன்றிலிருந்து யார் கையில் கயிற்றைப் பார்த்தாலும் ஓட்டம்தான். அஞ்சலையைப் பார்த்தால் கயிறு இல்லாவிட்டாலும் ஓடியது. "பெத்த புள்ளை மாரி வளத்தேன் சாரு. என்னையக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்கினு போவுது" என்று எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். மைக் ஆட்டோ வந்துபோன அன்றே அது டவுன்ஷிப்பை விட்டுப் பழைய மண்மேட்டில் ஏறிவிட்டது. சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையான இடம் அது. இப்போது முந்திரியும் தைலமரமும் அடர்ந்து காடாகக் கிடக்கிறது. விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் யாரும் போகலாம்.

அவள் அழுததைக் கேட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி மெதுவாக எழுந்து நின்றார். "பொது நிலம். முத்துன ஆண். கொம்பு இருக்கு. நான் போறேன்" என்றார்.

"நானும் வந்து வழி காட்டறேங்க" என்றாள் அஞ்சலை.

"வழிகாட்டி கூடாதும்மா. அது விதி."

ஆயத்தங்கள் தொடங்கின. வேட்டைக்காரன் மேல் மனித வாசனை இருக்கக்கூடாது, சோப்பு வாசனை அறவே கூடாது என்று அண்ணாச்சி குளிப்பதை நிறுத்தினார். சித்திரை மாசம், சுரங்கத்து வேலை. கேன்டீனில் அவருக்கு ஒரு மேஜை முழுவதும் தனியாகக் கிடைத்தது. வீட்டில் அவர் மனைவி பாயை எடுத்து வராண்டாவில் போட்டார். மறைந்திருக்கப் பச்சை நிறம் வேண்டும் என்று அந்த அம்மாளின் பச்சைப் பட்டுப்புடவையை எடுத்துப் போர்த்திப் பார்த்தார். "அது என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது. மாட்டுக்கு முன்னால கட்டுததுக்கு இல்ல" என்று சொல்லி அந்த அம்மாள் அதைப் பிடுங்கிக்கொண்டு நூல் புடவை ஒன்றைக் கொடுத்தார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க முகப்பவுடர் டப்பா. முதல் ஒத்திகையிலேயே அது செல்வம் கண்ணில் விழுந்தது. செல்வம் என்பவர் அண்ணாச்சியோடு சுரங்கத்தில் வேலை பார்க்கிற பண்ருட்டிக்காரர். எதைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிற சுபாவம்.

யூடியூபில் குழாய் ஊதி எல்க்கை அழைக்கிற மாதிரி, காளையைக் குரல் கொடுத்து வரவழைக்க ஒரு பிவிசி குழாயும் தயாரானது. மாலையில் பிளாக்குக்குப் பின்னால் நின்று அண்ணாச்சி அதில் ஒரு ஊது ஊதினார். காளை வரவில்லை. செக்யூரிட்டி சைக்கிளில் வந்தார். "யாருக்குங்க உடம்பு முடியல? ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் சுரங்கத்துச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் ஆபரேட்டர் இயந்திரத்தை விட்டு இறங்கக்கூடாது. ரிலீவர் வரவில்லை என்றால் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அண்ணாச்சிக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. கோயிலில் சாமி கும்பிட்டு முடித்தாலும், அடுத்த ஆள் வந்து கைகூப்புகிறவரை சந்நிதியை விட்டு நகர மாட்டார். அர்ச்சகர் பலமுறை நடை சாத்தச் சிரமப்பட்டிருக்கிறார்.

ஆகவே காளை வேட்டைக்கும் ஷிப்ட் போட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் ஷிப்ட் அண்ணாச்சி. மேட்டில் ஏறி, காளையைக் கண்டுபிடித்து, அதைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவது ஷிப்ட் செல்வம். மதியம் கயிற்றோடு வந்து பொறுப்பேற்க வேண்டும். செல்வம் சரி என்று தலையாட்டினார்.

ஞாயிறு விடியற்காலையில் அண்ணாச்சி புடவையைப் போர்த்திக்கொண்டு, தயிர்சாதத் தூக்கோடு புறப்பட்டார். வேட்டையில் போன் அடிக்கக்கூடாது என்று அதை அணைத்துவிட்டார். வழிகாட்டி இல்லாததால் சற்று நேரத்தில் எங்கள் பிளாக்குக்கே பின்பக்கமாக வந்து சேர்ந்தார். மாடியிலிருந்து நான் பார்த்தேன். என்னைப் பார்க்காதது மாதிரி திரும்பிப் போனார்.

மதியம் ஆனது. செல்வம் வரவில்லை. பண்ருட்டியில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் பலாப்பழப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தவரை நான் போனில் பிடித்தபோது, "ஐயோ, அது நெசமாவா சார்? வெளையாட்டுக்குச் சொல்லிக்கினு இருந்தாருன்னு நெனச்சேன்" என்றார். வெயில் சாயத் தொடங்கியது. அண்ணாச்சி திரும்பவில்லை. கீழ் வீட்டு அம்மாள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். "மாடு முட்டிப் போட்டுருக்குமோ" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அஞ்சலை முந்தானைக்குள் கயிற்றை மறைத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

மேட்டின் மறுபக்கச் சரிவில், ஒரு முந்திரி மரத்தடியில் அவர் இருந்தார். சம்மணம் போட்டு நேராக உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் பர்மனென்ட் படுத்திருந்தது. தயிர்சாதத் தூக்கு காலியாகக் கிடந்தது. புடவையில் பாதியைக் காணோம். காளை அசைபோடுவதை வைத்து அது எங்கே போயிருக்கும் என்று தெரிந்தது.

நாக்கை நீட்டி அது அவர் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் குளிக்காத உடம்பு. சித்திரை வெயில். வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. மாட்டுக்கு உப்பென்றால் உயிர். வாசனை இல்லாமல் இருக்கத்தான் அவர் குளிக்கவில்லை. அந்த வாசனைக்குத்தான் அது இறங்கி வந்திருக்கிறது. அவர் கையில் கயிறும் இல்லை. ஆதலால் ஓடக் காரணம் எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை.

"அண்ணாச்சி, எழுந்து வாங்க" என்றேன்.

"செல்வம் வரல."

"அவர் வர மாட்டார். காதுகுத்துல இருக்கார்."

"அப்ப எப்படி வர முடியும் வாத்தியாரே?" என்றார். குரல் கம்மிப்போயிருந்தது. தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

அஞ்சலை மெல்ல முன்னால் வந்தாள். உப்பு ருசியில் இருந்த காளை அவளைக் கண்டும் ஓடவில்லை. "நான் ரிலீவ் பண்றேங்க" என்றாள்.

அண்ணாச்சி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முறைப்படி பொறுப்பை ஒப்படைத்தார். "மாடு நல்லா இருக்கு. தயிர்சாதமும் புடவையும் தின்னுருக்கு. வலது காதுல உண்ணி இருக்கு, எடுக்கணும். மூக்குப் புண்ணு ஆறிட்டு. மத்தபடி ஒரு கோளாறும் இல்ல."

"சரிங்க" என்றாள் அஞ்சலை.

அவர் எழுந்தார். கால் மரத்துத் தடுமாறி, காளையின் திமிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவும் எழுந்தது. அவர் இறங்கினார். அது நக்கியபடியே பின்னால் இறங்கியது. அப்படியே டவுன்ஷிப் தெருக்களைக் கடந்து அஞ்சலை வீடு வரைக்கும் போனோம். கொட்டகையில், அண்ணாச்சியின் கழுத்தை அது நக்கிக்கொண்டிருக்கும்போதே அதன் கழுத்தில் அஞ்சலை கயிற்றைப் போட்டாள். அது திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி நக்கப் போய்விட்டது.

"வேட்டை முடிஞ்சா கொம்பைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுக்கணுமே அண்ணாச்சி" என்றேன். கொம்பைப் பிடிக்க அவருக்குக் கூச்சம். பக்கத்தில் மட்டும் நின்றார்.

மறுநாள் வண்டி வந்தது. வேறு சில மாடுகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அஞ்சலை வழக்கம்போல வந்து தெருவைக் கூட்டினாள். அன்று அண்ணாச்சி வீட்டு வாசல் மட்டும் இரண்டு தடவை கூட்டப்பட்டது. போன வருஷம் அவர் ரிட்டயராகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கீழ் வீட்டுக்கு இப்போது யாரோ நல்ல மனிதர்கள்தான் வந்திருக்கிறார்கள். கரப்பான்பூச்சியைச் செருப்பால் அடிக்கிறார்கள்.

அந்தப் போட்டோவில் அண்ணாச்சி கேமராவைப் பார்க்கவில்லை. பர்மனென்ட் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதால் அவள் முகமும் விழவில்லை. படம் என்று சொல்லவே லாயக்கில்லாத படம். போனில் இடம் போதவில்லை என்று வரும்போதெல்லாம் என் சொந்தக்காரர்களின் கல்யாணங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வருகிறேன். இதை அழிக்க மட்டும் மனசு வரவில்லை.